அப்பனுக்கு வக்கீல் உண்டு, பிள்ளைக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்று பேச்செடுத்தால், எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஏம்பல்தான். 2020 ஜூன் கடைசி, ஊரடங்குக் காலம். காணாமல்போன ஏழு வயதுச் சிறுமி மறுநாள் சடலமாகக் கிடைத்தாள். கைதானவர் அதே பகுதியைச் சேர்ந்த, அந்தக் குழந்தைக்குத் தெரிந்த ஆள். மாவட்டமே கொதித்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே புதுக்கோட்டை மகிளா நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு வந்த அன்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

மகிளா நீதிமன்றங்களில் வேறொரு வகை வழக்கும் நடக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெற்ற தகப்பன். அந்தத் தீர்ப்பு நாளில் வாசலில் யாரும் கூடுவதில்லை. மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். ‘மகளுக்குப் பாலியல் தொல்லை: தந்தைக்கு 20 ஆண்டு சிறை.’ படிப்பவர்கள் “சீ, இவனெல்லாம் மனுசனா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்கள். ஊரைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்தது.

பிள்ளைக்கு அன்றைக்குத்தான் வழக்கின் மோசமான பாதி ஆரம்பமாகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது. அப்பன் மேல்முறையீடு செய்கிற காலத்தில் பிள்ளையைத் தனியாக விடுகிறோம். சட்டமும் விடுகிறது, ஊரும் விடுகிறது. இது தற்செயலாக நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் சட்டம் பிள்ளையின் உரிமையைக் குடும்பத்தின் பெயரில் எழுதிவைத்திருக்கிறது. குற்றம் குடும்பத்துக்குள்ளேயே நடந்திருந்தால் அந்த உரிமை யார் கைக்குப் போகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு, குழந்தைகள் நலக் குழு கேட்டுக்கொள்ளும்போது போக்சோ வழக்குப் பிள்ளைகளுக்கு ‘ஆதரவு நபராக’ கூடப் போய்வருகிறேன். கோர்ட்டில் பக்கத்தில் உட்காருவது, தண்ணி பாட்டில் பிடித்துக்கொள்வது, “இன்னைக்கு என்ன கேப்பாங்க டீச்சர்?” என்பதற்கு மழுப்பாமல் பதில் சொல்வது, இவ்வளவுதான் வேலை. எந்தப் பிள்ளையையும் எந்த ஊரையும் அடையாளம் தெரியும்படி இங்கே எழுத மாட்டேன். அது சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம்.

தீர்ப்புக்குப் பிறகு வரும் முதல் போன் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். பேசுவது பெரியப்பாவோ தாய்மாமனோ, சொந்தத்தில் விவரமானவர் என்று பெயரெடுத்த ஒருவர்.

“டீச்சர், வணக்கம். ஆனது ஆகிப்போச்சு. ஐகோர்ட்ல அப்பீல் போட்டிருக்கோம். புள்ளைய ஒரு நாள் வக்கீல் ஆபீசுக்கு அனுப்பி வைங்க. ஒரு அபிடவிட்டு, ஒரே ஒரு கையெழுத்து. நீங்க சொன்னா கேக்கும்.”

என்ன அபிடவிட் என்று கேட்டால் நேராகப் பதில் வராது. “கோவத்துல சொன்னேன், போலீஸ் சொல்லச் சொன்னாங்க, அப்படின்னு ஒரு ரெண்டு வரி. மத்ததை வக்கீல் பாத்துக்குவாரு.”

போனில் நடக்காவிட்டால் வேறு வழிகளில் வரும். அப்பத்தா இல்லத்துக்கே வந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழும். “ஒங்கப்பன் தெனம் தெனம் செத்துப் பொழைக்கிறாண்டி” என்று சொல்லும். அம்மா எதுவும் சொல்லமாட்டாள். மகளிர் குழுக் கடன் எத்தனை தவணை நிற்கிறது என்று மட்டும் சொல்லுவாள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போன கதையைச் சித்தி சொல்லுவாள். தைலமரக் காட்டில் வெட்டுக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டான் என்ற தகவலும் வந்து சேரும். இவர்கள் யாருமே வில்லன்கள் இல்லை. ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் அளவில் உண்மைதான். அத்தனை உண்மைகளையும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, “நீ நினைச்சா எல்லாத்தையும் சரிபண்ணலாம்” என்கிறார்கள். குற்றம் செய்தது யார் என்ற கேள்வி அந்த இடத்தில் காணாமல்போகிறது. குடும்பத்தைக் கெடுத்தவள் அவள் என்று ஆகிவிடுகிறது.

*

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம்தான், சந்தேகமில்லை. ரத்த உறவினர் செய்யும் குற்றத்தை அது சாதாரணக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை, கடுமையான குற்றம் என்று தனியாக வகைப்படுத்துகிறது. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு வரவழைக்கக் கூடாது என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணில் பிள்ளை படக்கூடாது என்கிறது. வழக்கை நீதிமன்றம் கையிலெடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும், ஒரு வருஷத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது. நடைமுறையில் எவ்வளவு நிறைவேறுகிறது என்பது வேறு பேச்சு. குறைந்தபட்சம், விசாரணைக் காலத்தில் பிள்ளை என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இனி 40-ஆம் பிரிவைப் படியுங்கள். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும் பிரிவு அது. அந்த உரிமை யாருக்கு? ‘குழந்தையின் குடும்பத்துக்கு அல்லது பாதுகாவலருக்கு’ என்று இருக்கிறது. குடும்பத்தால் செலவு செய்ய முடியாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு ‘அவர்களுக்கு’ வக்கீல் தரும். பக்கத்து வீட்டுக்காரன் மேல் வழக்கு என்றால் இதில் குறையொன்றும் இல்லை. அப்பனே குற்றவாளி, அம்மா அப்பன் பக்கம், பெரியப்பா அப்பீல் செலவுக்கு வயலை அடமானம் வைத்திருக்கிறார் என்றால், குடும்பம் வைக்கும் வக்கீல் யாருக்கு வக்கீல்?

ஆதரவு நபர் விஷயமும் அப்படித்தான். 2020 போக்சோ விதிகளின்படி எங்கள் வேலை ‘புலன்விசாரணை, நீதிமன்ற விசாரணை’ காலத்துக்கானது. தீர்ப்போடு எங்களுக்குக் கடிதம் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பேகூட, பிள்ளையின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் ஆதரவு நபரை நிறுத்த விதிகளில் இடம் இருக்கிறது. எந்தப் பெற்றோர் என்று விதி பிரித்துச் சொல்லவில்லை.

அடுத்தது தண்டனை நிறுத்திவைப்பு. மேல்முறையீடு என்பது தண்டனை பெற்ற எவருக்கும் உள்ள உரிமை. அது இருக்கவேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மேல்முறையீடு முடிய வருஷங்கள் ஆகலாம் என்பதால், அதுவரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடக் கேட்டு மனுப் போடுவார்கள். பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்றால், ஜாமீனில் விடுவதற்கு முன் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் எதிர்ப்புச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389-ஆம் பிரிவு சொன்னது. இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. வாய்ப்பு அரசு வழக்கறிஞருக்கு. பிள்ளைக்கு அல்ல.

இதன் நடைமுறை அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். மதுரைக் கிளையில் மனு விசாரணைக்கு வருகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம், திருப்பத்தூர், மேலூர் வழியாக ஒத்தக்கடைப் பக்கம் போய் இறங்கவேண்டும், நூறு கிலோமீட்டருக்கு மேல். அன்று மனு வருகிறது என்பதே பிள்ளைக்குத் தெரியாது. அரசு வழக்கறிஞரின் மேசையில் அன்றைக்கு இருக்கும் கட்டுகளில் இதுவும் ஒரு கட்டு. இந்த ஆள் வெளியே வந்தால் எந்த வீட்டுக்குப் போவார், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், இரண்டாவது பெண்பிள்ளைக்கு என்ன வயது என்பதெல்லாம் அந்தக் கட்டில் இருக்காது. தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை.

இதைத் திருத்தும் தீர்ப்புகள் வராமல் இல்லை. ஜாமீன் போன்ற மனுக்கள் வரும்போது போக்சோ வழக்கில் பிள்ளையின் தரப்புக்குத் தகவல் போயாக வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குப் புலன்விசாரணை தொடங்கி மேல்முறையீடு முடியும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2022 ஏப்ரலில், லக்கிம்பூர் கேரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உரிமை இருக்கிறது, சரி. அந்த உரிமையைத் தூக்கிக்கொண்டு ஒத்தக்கடை வரை போகப்போவது யார்? மறுபடியும் ‘குடும்பம்’ என்றுதான் பதில் வருகிறது.

*

மேல்முறையீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் இருக்கின்றன. இமாச்சலப் பிரதேசத்திலிருந்து போன ஆஷா ராம் வழக்கில் குற்றவாளி பெற்ற தகப்பன். விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, அரசு மேல்முறையீடு செய்து 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பத் தண்டித்தது. சட்டக் கல்லூரியில் இது சாட்சிய மதிப்பீடு பற்றிய பாடம். அந்த மகளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். நீ சொன்னது உண்மை. இல்லை, நம்புவதற்கில்லை. இல்லையில்லை, உண்மைதான். நாட்டின் மூன்று நீதிமன்றங்கள் அவள் வாழ்க்கையைப் பற்றி மாறி மாறி இப்படிச் சொல்லியிருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில், ‘உன் மகள் பொய் சொன்னாள் என்று ஐகோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று சொல்ல அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அதே இமாச்சலத்திலிருந்து இன்னொரு வழக்கு, 2025 ஆகஸ்டில். பத்து வயது மகளிடம் நடந்துகொண்டதற்காகத் தண்டனை பெற்ற தகப்பன் உச்ச நீதிமன்றம் வரை போனார். கண்டிப்பான வளர்ப்பு பிடிக்காமல் பிள்ளைகள் பொய் வழக்கில் மாட்டிவிட்டார்கள் என்பது அவர் தரப்பு வாதம். வீட்டுக் கண்டிப்பிலிருந்து தப்பிப்பதற்காக எந்த மகளும் பெற்ற தகப்பன் மேல் இப்படியொரு பழியைச் சுமத்தமாட்டாள் என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதோடு நிற்காமல், அந்தப் பெண்ணுக்கு 10 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அந்த இழப்பீட்டை மகள் தேடிப்போய் வாங்கவில்லை. அப்பன் விடுதலை கேட்டுப் போட்ட மனுவில்தான் மகளின் பிழைப்பைப் பற்றிய பேச்சே வந்தது. அவர் மனுப் போடாமல் விட்டிருந்தால்?

இழப்பீடு தர உத்தரவிடும் அதிகாரம் புதுக்கோட்டை சிறப்பு நீதிமன்றத்துக்கும் உண்டு. விசாரணை முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இடைக்கால இழப்பீடு தரலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று விதியே சொல்கிறது. இந்தப் பணத்தை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அபிடவிட்டில் கையெழுத்து வாங்குவதற்குக் குடும்பத்திடம் இருக்கும் பெரிய ஆயுதம் பாசம் இல்லை, பசி. “அப்பன் வந்தாத்தான் அடுப்பு எரியும்” என்கிற வாக்கியத்துக்கு நம்மிடம் பதில் இருந்தால், பாதிக் கையெழுத்துகள் நின்றுவிடும்.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். கணேசன் வழக்கு, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதில் குற்றவாளி தகப்பன் இல்லை, வெளியாள். ஆனாலும் பிள்ளையைப் பெற்ற தாயே நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். பதின்மூன்று வயதுப் பெண்ணின் சாட்சியம் மட்டுமே மிஞ்சியது. அது நம்பத்தகுந்ததாக இருந்தால் அதுவொன்றே போதும் என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. வெளியாள் வழக்கிலேயே தாய் பின்வாங்குகிறாள் என்றால், கட்டிய புருஷனுக்கு எதிரான வழக்கில் கடைசிவரை நிற்கும் தாய் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறாள் என்று புரிந்துகொள்ளுங்கள். அப்படி நின்ற தாய்மார்களையும் பார்த்திருக்கிறேன். சொந்தவீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களுக்குப் பத்திரிகை வருவதில்லை.

*

இப்போது தூக்குக் கேட்பவர்களிடம் வருகிறேன். ஏம்பலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் இவர்களுக்குக் குறைவில்லை. “இந்த மாதிரி அப்பனையெல்லாம் நடுத்தெருவுல தொங்கவிடணும் டீச்சர், எதுக்கு அப்பீலு?” என்று என்னிடமே கேட்கிறார்கள்.

2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 வருஷம். அதற்கு முன் பத்து. மேல்பக்கம் சாகும்வரை சிறை, மரண தண்டனை. குற்றம் நிரூபணமானால் 20-க்குக் கீழே நீதிபதியால் இறங்க முடியாது. கடுமை கூடினால் குற்றம் குறையும் என்று நினைத்தார்கள். வீட்டுக்குள் நடக்கும் குற்றத்தில் இந்தக் கடுமை முதலில் யார்மேல் இறங்குகிறது? வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைமேல். “நீ சொன்னா அப்பாவைத் தூக்குல போட்ருவாங்க” என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த வாய் ஆயுசுக்கும் திறக்காது. பிள்ளைகளில் பலர் என்னிடம் கேட்டது “அப்பா செய்யறதை நிறுத்தணும்” என்பதை மட்டும்தான். அப்பா சாகவேண்டும் என்று கேட்டவள் ஒருத்திகூட இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை வருஷாவருஷம் எடுத்துப் பாருங்கள். போக்சோ பாலியல் வன்முறை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போல, குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். குடும்பத்தினர், பக்கத்து வீட்டார், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர் இப்படி. நடுத்தெரு, தூக்குக் கயிறு என்பதெல்லாம் இருட்டில் ஒளிந்திருக்கும் அந்நியனை மனதில் வைத்து எழும் கோபம். அந்த அந்நியன் மீதமுள்ள ஐந்து சதவீதத்தில் எங்கோ இருக்கிறான்.

அப்பீல் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017-ல் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு நினைவிருக்கும். செங்கல்பட்டு மகிளா நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தஷ்வந்த் என்ற இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் அதே வருஷம் உறுதிசெய்தது. என்ன வேகம் என்று பாராட்டினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நியாயமான விசாரணை நடக்கவில்லை, தற்காத்துக்கொள்ள முறையான வாய்ப்புத் தரப்படவில்லை, சாட்சியங்கள் குற்றத்தை நிரூபிக்கவில்லை என்றது. ஏழரை வருஷத்துக்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பெற்றவர்கள் கையில் மிஞ்சியது என்ன? அவசரமாகக் கட்டிய வழக்கு மேல்முறையீட்டில்தான் இடியும். மேல்முறையீட்டில் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பது அபூர்வம். கீழே எழுதிவைத்த காகிதத்தைத்தான் படிப்பார்கள். ஆகவே, பிள்ளை சொன்னதைக் கீழ்க்கோர்ட்டில் பொறுமையாக, அவள் சொன்ன வார்த்தையிலேயே பதிவுசெய்வது தூக்குக் கயிற்றைவிடப் பெரிய தண்டனை உத்தரவாதம்.

*

“அப்ப பொய் வழக்கே வராதா? ஜீவனாம்சச் சண்டையில புருஷன் மேல போக்சோ போடறது இல்லையா?” என்று கேட்பார்கள். வரும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2019-ல் ஒரு வழக்கு. பதினோரு வயது மகளைக் கணவரே கெடுத்துவிட்டதாக மனைவி கொடுத்த புகார். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று மகளே சொன்னாள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழக்கை ரத்துசெய்து, பொய்ப்புகார் கொடுத்ததற்கு நடவடிக்கை எடுக்கச் சொன்னார். கேரளத்தில் கடைக்காவூர் வழக்கு இதற்குத் தலைகீழ். பெற்ற மகனையே சீண்டியதாக ஒரு தாய் 2020 டிசம்பரில் கைதானார். பிறகு சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்து, புகாரில் உண்மையில்லை என்று அறிக்கை தந்தது. அவர் விடுவிக்கப்பட்டார்.

இந்த இரண்டையும் என் வாதத்துக்கு எதிராக எடுத்துக்காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இரண்டிலும் உண்மை வெளியே வந்தது, பிள்ளையைப் பெரியவர்களின் பிடியிலிருந்து விலக்கித் தனியாகக் கேட்டபோதுதான். பிள்ளைக்கென்று தனி வக்கீல் வேண்டும் என்று நான் கேட்பது அப்பனைச் சிறையில் வைத்திருப்பதற்காக இல்லை. அம்மா ஒன்று சொல்லச் சொல்கிறாள், அப்பா வேறொன்று சொல்லச் சொல்கிறார், நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. குற்றமற்ற அப்பனுக்கும் அவரால்தான் பாதுகாப்பு.

இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் குழந்தை மீதான கொடுமை பற்றி நீதிமன்றத்துக்கு வரும் பாதுகாப்பு வழக்குகளில், பெற்றோரைச் சாராமல் பிள்ளையின் நலனுக்காகப் பேச ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. சியாட்டிலில் ஒரு நீதிபதி 1977-ல் சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்த வேலைக்கு அமர்த்தினார். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. பிள்ளை வேறு, குடும்பம் வேறு என்ற எளிய விஷயம் சட்டத்துக்குப் புரியமுடியும் என்கிறேன்.

நான் கேட்பது நாலு விஷயம். ஒன்று, 40-ஆம் பிரிவில் ‘குடும்பத்துக்கு’ என்பதோடு ‘குழந்தைக்கு’ என்றும் எழுதவேண்டும். குற்றவாளி குடும்பத்தில் ஒருவர் என்றால், மேல்முறையீடு முடியும்வரை பிள்ளையின் பெயரில் தனி வக்கீல், மதுரையிலும் டெல்லியிலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செலவில். இரண்டு, தண்டனை நிறுத்திவைப்பு மனு வந்தால் குழந்தைகள் நலக் குழு வழியாகப் பிள்ளைக்குத் தகவல் போகவேண்டும். அந்த ஆள் எங்கே தங்குவார், அந்த வீட்டில் எந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு அறிக்கை நீதிபதியின் மேசைக்குப் போகாமல் உத்தரவு வரக்கூடாது. மூன்று, ஆதரவு நபரின் வேலை கடைசி நீதிமன்றம் கதவைச் சாத்தும்வரை தொடரவேண்டும். நான்கு, இழப்பீடு பிள்ளையின் பெயரில், பிள்ளையின் கணக்கில். பிள்ளை பக்கம் நிற்கும் தாய்க்குத் தனியாக மாத உதவி.

நாலில் மூன்றுக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஒரு அரசாணையும் உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கையும் போதும். தூக்குத் தண்டனைக்கு ஓட்டு விழும், சுற்றறிக்கைக்கு விழாது. அதனால்தான் முதலாவது வந்தது, இரண்டாவது வரவில்லை.

*

கடைசியாக, குடும்பம் சிதைந்துவிடும் என்பவர்களுக்கு.

எங்கள் ஊரில் பிறந்தவர் முத்துலெட்சுமி ரெட்டி. பெண்பிள்ளைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் போராடியபோது, எதிர்த்து நின்றவர் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. இரண்டு பேருமே புதுக்கோட்டை மண். வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நடப்பதில் சட்டம் தலையிடலாமா என்று அன்றைக்கும் கேட்டார்கள். வாதத்தில் யார் ஜெயித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1947-ல் சட்டம் வந்தது. ஆனால் அந்த அம்மாள் சட்டத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வாழ்க்கையிலிருந்து தப்பித்து வந்த பெண்பிள்ளைகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாதபோது, 1930-ல் அவர்களுக்காக அவ்வை இல்லத்தைத் திறந்தார். சட்டம் வருவதற்குப் பதினேழு வருஷம் முன்னால் வீடு வந்துவிட்டது.

நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். சட்டம் இருக்கிறது, 20 வருஷம் இருக்கிறது, தூக்குக்கூட இருக்கிறது. சாட்சி சொல்லிவிட்டு வரும் பிள்ளைக்குப் போக வீடு இல்லை. ‘குடும்பம் சிதைந்துவிடும்’ என்று அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள். அது சிதைந்து கிடப்பதை முதலில் பார்த்தவள் அவள்தான். அந்த வீட்டில் அதைத் தைரியமாக வெளியே சொன்னவளும் அவள் ஒருத்திதான்.

அடுத்த முறை நாளிதழில் அந்த நான்கு வரிச் செய்தியைப் பார்க்கும்போது, எத்தனை வருஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அந்தப் பிள்ளை இன்றைக்கு ராத்திரி எந்த வீட்டில் படுத்திருக்கிறாள், அவளுக்கு யார் சோறு போடுகிறார்கள், நாளைக்கு அவளிடம் கையெழுத்து வாங்க யார் வரப்போகிறார்கள் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனுநாளில் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். தீர்ப்பு வந்த அன்றோடு எனக்குக் கடிதம் முடிந்துவிட்டது.